காப்புக் கட்டிய யுத்தம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்தப் பாயை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிள்ளைக்காரி சுவரோரம் சாய்ந்துகொள்ளட்டும். இன்றைக்கு ஒரு யுத்தத்தின் கதை. உலகத்துப் பெரிய ராஜாக்களெல்லாம் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று கற்றுக்கொடுக்கப்போய், கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டம் தன்னைத்தானே வெட்டிக்கொண்ட கதை. ரத்தம் வரும். பயந்தவர்கள் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்ததைக் கதை முடிகிறவரை விடாதீர்கள்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகிற செம்மண் பாதையில் ஏழுபாலத் தோட்டம் இருந்தது. மேட்டில் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயம் ஒன்று, பள்ளத்தில் ஒரு லயம். இரண்டுக்கும் நடுவே கிணற்றடியில் தனியாக ஒரு வீடு. அதில் கன்னையாவும் அவன் பெண்சாதி இராஜம்மாவும் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் இறக்குகிறவர்கள். கன்னையா சாது. மரத்துப் பட்டையில் எறும்பு ஊர்ந்தால் ஊதி அனுப்பிவிட்டுத்தான் கத்தியை வைப்பான். இராஜம்மாவின் தம்பி அய்யாவு மேட்டு லயத்தில் இருந்தான். ஆள் கதவு உயரம். ஞாயிற்றுக்கிழமை அக்காள் கையால் ஒரு வாய் சோறு தின்னாவிட்டால் அவனுக்கு அந்த வாரம் முடிந்ததாகவே தோன்றாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. கப்பல் நின்றது. ரப்பர் விலை படுத்துக்கொண்டது. கூலி குறைந்தது, அரிசியில் கல் கூடியது. விடியலில் பேர் கொடுக்க நிற்கிற பெரட்டுக் களத்தில் ஜனங்கள் ஏன், ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் இது புது நோய். இதற்கு மருந்து காணக் கோலாலம்பூரில் துரைமார்கள் கூடி யுத்தகாரண விளக்கச் சபை என்று ஒன்றை அமைத்தார்கள். ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர்கள், ஈயச் சுரங்கம் வைத்திருந்தவர்கள், கப்பல் ஏஜெண்டுகள், இவர்கள் எல்லாருக்கும் கடன் கொடுத்த பேங்கித் துரை. யுத்தத்தின் காரணத்தோடு இவ்வளவு நெருங்கிப் பழகியவர்கள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

தமிழ்ச் சனத்துக்குப் புத்தியில் ஏறுவது கூத்து ஒன்றுதான் என்று சபை கண்டுபிடித்தது. ஆகவே யுத்தத்தின் காரணங்களைக் கூத்தாக ஆடிக்காட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஏழுபாலத் தோட்டத்துத் துரைதான் சபையின் காரியதரிசி. முதல் கூத்து அங்கே.

துரை பெரட்டுக் களத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி இராமலிங்கம் பக்கத்தில் நின்று தமிழாக்கினார். கிராணிக்கு மேடைத் தமிழ் என்றால் உயிர். அதற்குத் தோதான மேடைதான் அதுவரை வாய்க்காமல் இருந்தது.

"மகா ஜனங்களே," என்றார் கிராணி. "ஆஸ்திரியா தேசத்து இளவரசரை ஒரு வாலிபன் சுட்டுவிட்டான். ஆகவே ஆஸ்திரியா செர்பியாவை அடிக்க நேர்ந்தது. செர்பியாவுக்கு ருஷியா வாக்குக் கொடுத்திருந்தது. ருஷியா எழுந்தால் ஜெர்மனி எழுவதாக ஆஸ்திரியாவுக்கு வாக்கு. ஜெர்மனி எழுந்தால் பிரான்ஸ் எழுவதாக ருஷியாவுக்கு வாக்கு. பிரான்சை அடிக்கப் பெல்ஜியத்தை மிதித்துக்கொண்டு போவது சுலபம். பெல்ஜியத்தை மிதித்தால் இங்கிலாந்து பொறுக்காது. இப்படி எல்லாரும் வாக்குத் தவறாத உத்தமர்களாக இருந்ததால் யுத்தம் வந்தது."

கன்னையா கையைத் தூக்கினான். "சுட்டவனப் புடிச்சாச்சுங்களா ஐயா?"

"அன்றைக்கே பிடித்தாகிவிட்டது."

"அப்ப மத்தவங்கல்லாம் எதுக்கு?"

கிராணி துரையின் காதில் போட்டார். துரை அந்தக் கேள்வியை வரவேற்றார். சுட்டது சாக்குத்தான் என்று அவரே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஜெர்மனிக்காரன் உலகமெங்கும் துறைமுகமும் தோட்டமும் வேண்டும் என்கிறான். உலகமெங்கும் தோட்டம் வைத்திருப்பது நாகரிகம். அதை நாங்கள் வைத்திருக்கிறோம். அதையே இன்னொருவன் கேட்டால் பேராசை. பத்து வருஷமாக நாங்கள் பீரங்கிக் கப்பல் கட்டினோம், எங்களைப் பார்த்து அவனும் கட்டினான். கட்டின கப்பலை எத்தனை நாள் சும்மா நிறுத்திவைப்பது, துரு ஏறாதா என்று கேட்டார். கடைசியில் தொப்பியைக் கழற்றி, இது நாகரிகத்துக்கான யுத்தம் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டாதவர்களைக் கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேஷம் பங்கிட்டார்கள். மேட்டு லயம் ஜெர்மனி. உயரத்தைப் பார்த்து அய்யாவுதான் தளபதி என்றார்கள். பள்ளத்து லயம் பிரான்ஸ். சுற்றிலும் கால்வாய் ஓடுகிற துரை பங்களா இங்கிலாந்து. சமையல்காரனும் குதிரைக்காரனும் அதன் சேனை. நடுவிலிருந்த ஒற்றை வீட்டுக்காரன் கன்னையா, பெல்ஜியம். இளவரசன் வேஷத்துக்கு யாரும் வராததால் வைக்கோல் பொம்மை செய்தார்கள். பொம்பளைகளுக்கு வேஷம் கிடையாது. அவர்கள் கஞ்சி காய்ச்ச வேண்டும்.

இத்தோடு விட்டிருந்தால் மூங்கில் குச்சியால் நாலு தட்டு தட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் கிராணிக்குக் கௌரவம் போதவில்லை. காப்புக் கட்டாமல் ஆடுவது கழைக்கூத்து. இது மகா யுத்தம், மாரியம்மன் சந்நிதியில் காப்புக் கட்டித்தான் ஆட வேண்டும் என்று எழுந்து சொன்னார். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து ஆடுகிறவர்கள் மணிக்கட்டிலெல்லாம் கட்டினார்.

காப்பு என்றால் உங்களுக்குத் தெரியும். கட்டினவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, எடுத்த வேஷத்தை நடுவில் விடக்கூடாது. கடைசிக் கட்டம் ஆடி முடிந்து, மங்களம் பாடிய பிறகுதான் காப்பு அவிழும். அதற்குள் அவிழ்த்தால் அம்மன் கோபம் ஊரையே வாரிக்கொண்டு போகும்.

கட்டி முடித்த பிறகுதான் பூசாரி கேட்டார், கடைசிக் கட்டம் என்ன என்று.

கிராணி துரையைப் பார்த்தார். துரை கோலாலம்பூர் இருக்கும் திசையைப் பார்த்தார். யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது, கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும், பத்திரிகையில் வருகிறவரைக்கும் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டே போகலாம் என்று பதில் வந்தது.

முதல் ஞாயிறு வைக்கோல் இளவரசனைச் சுட்டுப் பொசுக்கினார்கள். அது வரைக்கும் பிள்ளைகள் சிரித்தன. பிறகு மேட்டு லயத்துச் சேனை கன்னையா வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. வாசலில் இராஜம்மா கருவாடு காயப் போட்டிருந்தாள்.

"மச்சான், கொஞ்சம் வழி விடுங்க. கூத்துதானே," என்றான் அய்யாவு.

"கருவாடு கெடக்குது மாப்ளே. கெணத்தச் சுத்திப் போயேன்."

சுற்றிப் போனால் சரித்திரம் கெட்டுவிடும் என்று கிராணி பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். சேனை கருவாட்டின் மேல் நடந்தது. பிறகு வீட்டுக்குள் நடந்தது. முன் கதவால் நுழைந்து பின் தட்டியைப் பெயர்த்துக்கொண்டு பள்ளத்து லயத்தின் மேல் விழுந்தது. அடைகாத்த கோழி நசுங்கியது. பள்ளத்திலிருந்து ஒரு கல் வந்து மேட்டு லயத்தான் ஒருவனின் முன்பல்லை எடுத்தது. பல் போனவனுக்கு அதற்குமேல் அது கூத்தாகத் தெரியவில்லை. பெல்ஜியத்துக்குத் துணை வருவதாக வாக்குக் கொடுத்திருந்த இங்கிலாந்து, அடுப்பு உடைந்து பானை சிதறி எல்லாம் முடிந்த பிறகு, கரண்டியும் குதிரைச் சவுக்குமாக வந்து சேர்ந்தது. காப்பாற்ற நேரமில்லை, பழிவாங்க நேரமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, எதிர்ப்பட்டவனை எல்லாம் அடித்தது. அந்த அமளியில் கன்னையாவின் காது ஒன்று கிழிந்து தொங்கியது.

திங்கள் விடியலில் ஜெர்மனியும் பிரான்சும் தலையில் கட்டோடு ஒரே வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, மலை என்று தோட்டத்தில் சொல்கிற ஒரே ரப்பர்க் காட்டுக்குப் பால் வெட்டப் போயின.

கிறிஸ்துமஸ் வந்தது. துரை பங்களாவில் வாத்து பொரித்தார்கள். யுத்தம் முடியவில்லை.

பிறகு சபைத் துரைமார் மோட்டார் காரில் பார்வையிட வந்தார்கள். ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்றும், ஆனால் பத்திரிகையில் சாகிறவர்களின் அளவுக்கு இங்கே அடி விழவில்லை, இதனால் ஜனங்கள் காரணத்தைக் குறைவாகப் புரிந்துகொள்ளும் அபாயம் இருக்கிறது என்றும் வருத்தப்பட்டார்கள். மூங்கில் குச்சியை மாற்றி ஸ்டோரிலிருந்து பாராங் கத்தியும் மண்வெட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ரப்பர் மரத்தின் மேல் ஒரு கீறல் விழக்கூடாது. மரம் கம்பெனி சொத்து. மரத்தில் வெட்டுப் பட்டால் வேலை போய்விடும். ஆள் மேல் பட்டால் சபையின் பாராட்டு கிடைக்கும்.

பத்திரிகையில் பதுங்குகுழிச் சண்டை வந்தது. மரத்துக்கு வலிக்காமல் வேர் பார்த்துக் குழி தோண்டினார்கள். ஒரு ஞாயிறு மேட்டாரும் மறு ஞாயிறு பள்ளத்தாருமாகக் குழிக்குள் பாய்ந்தார்கள். மழை பிடித்தது. பள்ளத்து லயத்துப் பாலன், கல்யாணமான ஈரம் காயாதவன், தொடையில் வெட்டுப்பட்டுக் குழியில் விழுந்தான். கரை சரிந்து மூடியது. தோண்டி எடுத்தபோது வாய் நிறையச் செம்மண். காய்ச்சலில் செத்ததாக எழுதினார்கள். தோட்டத்தில் எப்படிச் செத்தாலும் அதுதான் வழக்கம்.

அடுத்த வருஷம் பத்திரிகையில் விஷப்புகை வந்தது. இதை ஆட வழியில்லையே என்று கிராணி கவலைப்பட்டார். துரை வழி காட்டினார். ரப்பர் பாலை உறையவைக்கிற திராவகம் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. மேட்டு லயத்தார் அதை வாளியில் மொண்டு வீசினார்கள். பள்ளத்தார் முகம் வெந்து கிணற்றுக்கு ஓடினார்கள். கிணறு இருந்தது கன்னையா வீட்டு வாசலில். தடுக்கப்போன கன்னையாவின் இடது கண் பாலாடை மாதிரி வெளுத்துப்போனது.

அந்த நாளிலிருந்து சாது மாறினான். எறும்பை ஊதி விடுகிறவன் திண்ணைக் கல்லில் உட்கார்ந்து பாராங் தீட்டினான். அய்யாவு சோற்றுக்கு வருவதை நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. இராஜம்மா மட்டும் ஞாயிறுதோறும் தம்பிக்கு ஒரு தட்டு எடுத்துவைத்து, மாலையில் அதைத் தானே நாய்க்குப் போட்டாள்.

"வர்ற ஞாயிறு மாப்ள வாசல்ல கால வச்சா வெட்டிருவேன் போல இருக்கு, இராசு," என்றான் கன்னையா. "ஏன்னு கேட்டா எனக்கே தெரியல."

அவளுக்கு அதற்குமேல் அடுப்படியில் நிற்க முடியவில்லை. பூசாரியிடம் போய்க் காப்பை அவிழ்க்கச் சொன்னாள். கட்டுவதுதான் தன் வேலை, அவிழ்ப்பது மங்களத்தின் வேலை என்றார் பூசாரி. கிராணியிடம் மங்களம் கேட்டாள். அவர் துரையைக் காட்டினார். துரை சபையைக் காட்டினார். அவளுக்குக் காப்புக் கட்டாததால் எல்லை தாண்டத் தடையில்லை. சனிக்கிழமை கிளம்பிவிட்டாள்.

தோட்டங்களுக்குத் துணி மூட்டை கொண்டுவரும் காதர் பாய் தன் மாட்டு வண்டியில் கிள்ளான் வரைக்கும் ஏற்றிக்கொண்டார். வழியில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு வெகுநேரம் மாட்டை அதட்டினார்.

"ஏன் தங்கச்சி, அந்தக் கயிறு என்ன இரும்பா?"

"அப்புடிச் சொல்லாதீங்க பாய். சாமி குத்தம்."

"இல்ல, எனக்குத் தெரியாது பாரு, அதான் கேட்டேன்," என்றார் பாய்.

கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூரில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரன் பெண்சாதியான தன் ஊர்க்காரி லெட்சுமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனாள். துரைமார் காற்றாடிக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளை நிற்கவைத்தே விசாரித்தார்கள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டார் தலைவர். பெல்ஜியம் புருஷன், ஜெர்மனி கூடப்பிறந்தவன் என்றாள். தலைவர் சந்தோஷப்பட்டார். அங்கேயும் அப்படித்தானாம், அடித்துக்கொள்கிற ராஜாக்கள் எல்லாம் ஒரே பாட்டி வீட்டுப் பேரப்பிள்ளைகளாம். தோட்டம் விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது என்று பாராட்டினார்.

"மங்களத்த மட்டும் பாடச் சொல்லிருங்க சாமி. நாளைக்குள்ள," என்றாள் இராஜம்மா.

தலைவர் கோப்பையை வைத்தார். துபாஷி சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார்:

"நீ கேட்பது நியாயம். அதனால்தான் செய்ய முடியவில்லை. ஆரம்பித்தவர்கள் யாரும் முடிவு எழுதிவைக்கவில்லை, அம்மா. தானாக முடியும் என்று எல்லாருமே நம்பினார்கள். இப்போது நிறுத்தினால் இதுவரை செத்தவர்கள் வீணாகச் செத்ததாகிவிடும். அந்த அவமரியாதை அவர்களுக்கு நேராமலிருக்க இன்னும் கொஞ்சம் பேர் சாகத்தான் வேண்டும்."

பேங்கித் துரைக்கு ஒன்று சேர்க்கத் தோன்றியது. படுத்துக் கிடந்த ரப்பர் விலை இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது, இந்த நேரத்தில் யுத்தம் நிற்கிறது என்று யாராவது உளறினால் அதற்கு மயக்கம் வந்துவிடும் என்றார். எல்லாரும் ரப்பரின் உடம்புக்காக ஒரு நிமிஷம் கவலைப்பட்டார்கள். பிறகு, நாளைக்கு நாங்களே பார்வையிட வருகிறோம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை ரயிலில் கிள்ளான் வந்து, மறுபடி காதர் பாய் வண்டியில் ஏறினாள். மாடு நடந்தது. பாதி வழியில் சபையின் மோட்டார் கார் பின்னாலிருந்து வந்து முந்தியது. அவள் வெட்டிய பாலில் உறைந்த ரப்பர்ச் சக்கரம் அவள் முகத்தில் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது.

வண்டி தோட்டத்துக்குள் நுழையும்போதே கூச்சல் கேட்டது. விலை ஏறியதிலிருந்து ஞாயிறு காலையிலும் மரம் வெட்ட வேண்டும். ஆகவே சேனைகள் இடுப்பில் பால் வெட்டும் கத்தியைக் கூடக் கழற்றாமல் மலையிலிருந்து நேராகக் களத்துக்கு வந்திருந்தன. அன்றைய பத்திரிகையில் பெரிய தாக்குதல். கிணற்றடியில் ஒருவன் குடலைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் தன் பல்லைச் சேற்றில் தேடிக்கொண்டிருந்தான். சபைத் துரைமார் நாற்காலியில் குடை பிடித்து அமர்ந்திருந்தார்கள். கிராணி பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கன்னையாவும் அய்யாவும்.

கன்னையாதான் முதலில் ஓங்கினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. வெட்டு காற்றில் போனது. அய்யாவு வீசிய பாராங் காற்றில் போகவில்லை. கன்னையாவின் வலது கை மணிக்கட்டோடு துண்டாகி, அக்காள் கருவாடு காயப்போடுகிற இடத்தில் விழுந்தது. மஞ்சள் கயிறு அதில் அப்படியே இருந்தது.

கிராணி ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"பெல்ஜியத்தின் காப்பு முறைப்படி உடம்பைவிட்டு நீங்கியது," என்று அறிவித்தார். "இது செல்லும்."

துரைமார் மெல்லக் கை தட்டினார்கள்.

இராஜம்மா வண்டியிலிருந்து குதித்து வந்தாள். முந்தானையைக் கிழித்துப் புருஷன் கையை இறுக்கிக் கட்டி, அவன் தலையை, பின்னாலேயே ஓடிவந்த காதர் பாய் மடியில் சாய்த்தாள். அவன் இடுப்பில் இருந்த பால் வெட்டும் கத்தியை உருவினாள். எழுந்து தம்பியிடம் நடந்தாள்.

அய்யாவு பாராங்கைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து கழுத்தைக் கொடுத்தான். "வெட்டுக்கா," என்றான்.

அவள் அவன் வலது கையைப் பிடித்தாள். கத்தியின் வளைந்த முனையைக் கயிற்றுக்குள் கொடுத்து ஒரு இழு இழுத்தாள். கயிறு அறுந்து சேற்றில் விழுந்தது.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். மேட்டு லயம் வானத்தைப் பார்த்தது. பள்ளத்து லயமும் வானத்தைப் பார்த்தது. இடி விழவில்லை. பூமி வெடிக்கவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் பிள்ளை ஒன்று பாலுக்கு அழுதது. அவ்வளவுதான் நடந்தது.

"இதுக்கு இவ்வளவுதானாக்கா?" என்றான் அய்யாவு.

"இவ்வளவுதான்டா."

அவன் சேற்றில் உட்கார்ந்து, மச்சான் காலைக் கட்டிக்கொண்டு, மாடு கத்துவதுபோல அழுதான். பல்லைத் தேடிக்கொண்டிருந்தவன் தன் இடுப்பிலிருந்த கத்தியை அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். தினமும் பட்டையைச் சீவி, இந்தக் கயிற்றைக் காட்டிலும் கெட்டியானதையெல்லாம் அறுத்த கத்தி. அவனும் அறுத்தான். பிறகு குடல் ஏந்தியவனின் கயிற்றை எதிர் லயத்தான் அறுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் களமெல்லாம் மஞ்சள் துண்டுகள்.

சபைத் தலைவர் நாற்காலி மேல் ஏறி, காரணம் இன்னும் தீரவில்லை, காரணம் அப்படியே இருக்கிறது என்று கத்தினார். அதை யாரும் தமிழாக்கவில்லை. கிராணி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கையில் கயிறே கிடையாது. இருந்தாலும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளே விசாரணை வந்தது. களத்தோரத்து ரப்பர் மரம் ஒன்றில் பாராங் பட்டுக் கீறல் விழுந்திருந்தது. அதைப் பற்றி மூன்று துரைமார் வந்து தீர விசாரித்தார்கள். ஏழுபாலத் தோட்டத்தாருக்கு யுத்தத்தின் காரணம் புரியவில்லை என்று சபை முடிவு கட்டி, வேறொரு தோட்டத்தைத் தேடிப் போனது. அந்த யுத்தம் இன்னும் மூன்று வருஷம் நடந்தது.

கன்னையா பிழைத்தான். இடது கையால் பால் வெட்டப் பழகினான்; எறும்பை மறுபடி ஊத ஆரம்பித்தான். ஞாயிறு மத்தியானம் அய்யாவு வந்து உட்கார்ந்து, முதல் கவளத்தை உருட்டி மச்சான் வாயில் கொடுத்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பான். இராஜம்மா குழம்பு ஊற்றுவாள்.

கதை முடிந்தது, கண்ணுகளா. இனிக் கையை விடலாம்; விடாமலிருந்தாலும் நல்லதுதான். உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் கையில் கல்யாணத்துக் கங்கணம் ஏறட்டும், அது மூன்றாம் நாள் சிரிப்பும் சந்தனமுமாக அவிழட்டும். வேறு யார் கயிறு கொண்டுவந்தாலும் உங்கள் வீட்டுக் கத்தி மழுங்காமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் காய்கிறது எதுவோ, அது காயட்டும்; அதைச் சுற்றிப் போகத் தெரிந்தவர்களே உங்களுக்குச் சொந்தமாக வாய்க்கட்டும். உலையில் அரிசியும், பக்கத்தில் ஒரு தட்டு கூடுதலாகவும், அதற்கு உண்டான ஆளும் என்றைக்கும் குறையாமல் நன்றாயிருங்கள்.